மேளம் ஏறினால் மாடன் வருவது எப்படி?

எங்கள் ஊர்க் காவல் தெய்வம் மாடனுக்கு எடுக்கும் கொடைவிழாவில், நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டு சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டுக்கு வந்து மேளமும் வேகமெடுத்ததும், அதுவரை ஓரமாக நின்று யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கோமரத்தாடி (சாமியாடி) மாமாவுக்கு உடம்பு குலுங்க ஆரம்பிக்கும். சரியாக அந்த இடத்தில்தான். "அதெல்லாம் நடிப்புலே" என்பான் சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழவு வீட்டுக்குள் நுழையும் வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு வரும் பெண்கள், உள்ளே போய்க் கட்டிப்பிடித்து ஒப்பாரி எடுத்ததும் கண்ணீர் பொங்க அழுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கே அழவேண்டும், எந்த ராகத்தில் என்பதெல்லாம் கற்றுக்கொண்டதுதான், ஆனாலும் கண்ணீர் நிஜம். சாமியாட்டமும் இதே வகை. அப்பா தோளில் உட்கார்ந்து மாடன் வல்லயம் என்னும் ஈட்டியைப் பிடிக்கிற விதத்தையும் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிற நடையையும் வருஷா வருஷம் பார்த்து வளர்ந்த உடம்பு அது. விரதம், தூக்கமின்மை, மேளம், சுற்றி நிற்கும் ஊரின் எதிர்பார்ப்பு எல்லாம் சேரும்போது, ஆடுகிறவர் முடிவெடுக்காமலே உடம்பு தனக்குத் தெரிந்த வழியில் போய்விடுகிறது.

1902-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் மதத்தைத் தனிமனிதர் தனிமையில் உணர்வதாக வரையறுத்தார். கொடைக்கு வந்திருந்தால் திணறியிருப்பார்.

பண்பாடு மனசுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு அமெரிக்க மானுடவியலாளர் டான்யா லூர்மன் குழுவின் ஆய்வு ஒன்று போதும். மனச்சிதைவு உள்ளவர்களிடம், கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று இடங்களில் தலா 20 பேரிடம், காதில் கேட்கும் குரல்களைப் பற்றிக் கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் வன்முறைக் குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொந்தக்காரர்களின் குரல்கள், வீட்டுவேலை சொல்வதும் கண்டிப்பதுமாக. (சாமியாடுவது நோய் என்று சொல்லவரவில்லை. நோய்க்கே ஊர் வாடை உண்டென்றால் அருளுக்கு இருக்காதா?)

அப்புறம், பார்க்கிறவர்கள். ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற சிற்றூரில் தீமிதிக்கிறார்கள். இதயத்துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டுப் பார்த்தபோது, மிதிக்கிறவரின் துடிப்போடு வேடிக்கை பார்த்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. ஆய்வு வெளியானது 2011-இல். இரண்டு வருஷம் கழித்து மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசத்தில் அதே வட்டத்து ஆய்வாளர்கள் கையில் 200 ரூபாய் கொடுத்து, கோயிலுக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று பார்த்தார்கள். பஜனையில் உட்கார்ந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் போல. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 130-க்கும் மேல். வலியில்லாமல் கூட நடந்து வந்தவர்கள்கூடக் கையை இறுக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதையெல்லாம் படித்தவர்கள் இல்லை. ஆனால் கொடைக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்கும்போது மண்டப நன்கொடைப் பேச்சை எடுக்கவே மாட்டார்கள். கொடைக்கு மறுநாள் காலை, படைப்புச் சோறு பங்கிடும் நேரத்தில்தான் நன்கொடை எழுதும் நோட்டு வெளியே வரும். போன கொடையில் சித்தப்பா மகன் 5,000 எழுதினான்.