ஒயின்ஷாப் தளமும் ஒரு பூட்டுப் படமும்

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் நண்பரின் தம்பியிடமிருந்து போன். பாலமேட்டில் ஜல்லிக்கட்டு பார்த்துவிட்டு, மாமன் மச்சான் எல்லாம் ஒரு மோட்டார் ரூமில் கூடியிருக்கிறார்கள். "அண்ணே, நீங்க ஒயின்ஷாப் வெப்சைட் பண்றவர்தானே? ஒரு சைட்டைக் கொஞ்சம் பாருங்களேன்."

பார்க்கும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது: சரக்கை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று சொல்லும் போலித் தளம். எவ்வளவு போட்டாய் என்று மட்டும் கேட்டேன். அட்வான்ஸ் 3,800. அது வந்து சேரவில்லை என்று அவர்களே சொல்லி, திருப்பித் தர ஒரு க்யூஆர் அனுப்பி, அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடச் சொல்லி இன்னொரு 9,000. மார்கழியிலிருந்து என்னிடம் வந்ததில் இது நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒயின்ஷாப் என்றால் பிராந்திக் கடை. அண்ணா நகரில் மாடி ரூமுக்கு வாடகை பேசும்போது, வேலை என்ன என்று கேட்ட வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லி, அட்வான்ஸை ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்தவன் நான். நான் தளம் செய்வது இங்கிலாந்தில் உள்ள சின்னச் சின்ன ஒயின் வியாபாரிகளுக்கு. அங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர் ஆன்லைனில் விற்கலாம், வீட்டுக்கே அனுப்பலாம்.

இங்கே அது கிடையாது. 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறைக் கடை நடத்துவது டாஸ்மாக் மட்டும். மதியம் 12-லிருந்து இரவு 10 வரை, கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். 2020 மே மாதம், ஊரடங்கு முடியும்வரை கடைகளை மூடிவிட்டு ஆன்லைனில் மட்டும் விற்கலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. ஒரே வாரத்தில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்தச் செய்தியில் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு "ஆன்லைன்ல வந்துருச்சாமே" என்பவர்களை இன்னும் பார்க்கிறேன். இதில் மாட்டுப் பொங்கல் வேறு. அன்றைக்குத் திருவள்ளுவர் தினம், கடை விடுமுறை. ஏமாற்றுக்காரனுக்கு அறுவடை நாள்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவன் சொன்ன பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. "ஆனா சைட்ல பூட்டு இருந்துச்சேண்ணே."

பூட்டு! நால்வரும் இதையேதான் சொன்னார்கள். ஐயா, மேலே தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் காட்டும் பூட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யோக்கியன் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் பணத்தை மூடின வேனில் வைத்து, வழிப்பறி இல்லாமல், பத்திரமாகத் திருடன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பூட்டைக் காட்ட ஒரு தளத்துக்குத் தேவையான சான்றிதழ் இலவசம், ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். நான் வாங்குவதும் அதையேதான், திருடன் வாங்குவதும் அதையேதான். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே குரோம் 2023-ல் பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டது. அப்படியானால் தம்பி பார்த்தது எந்தப் பூட்டு? பக்கத்தின் அடியில் "100% பாதுகாப்பு" என்று எழுதி, பச்சையில் ஒரு பூட்டுப் படம் ஒட்டியிருந்தார்கள். வெறும் படம்!

தொழில்காரன் கண்ணுக்கு அந்தத் தளம் பார்த்த மாத்திரத்தில் பல்லை இளித்தது. ஒயின் பாட்டிலின் விலைக்குத் திராட்சை பறித்த ஆண்டு முக்கியம். ஒரே தோட்டத்தின் 2015-க்கும் 2016-க்கும் விலை வேறு, இருப்பு வேறு. ஆண்டைப் போட மறந்தால் என் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் திட்டி மெயில் போடுவார். இங்கே ஒரு பாட்டிலுக்கும் ஆண்டு இல்லை. எதுவும் தீர்ந்துபோகவும் இல்லை. வயது கேட்கவில்லை. (பிறந்த தேதி கேட்கும் பெட்டி யாரையும் தடுக்காது என்பதை நாங்களே ஒத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பவர் வாசலில் அடையாள அட்டை கேட்பதுதான் உண்மையான சோதனை.) எல்லாவற்றுக்கும் மேலே, பில்லில் "ஜிஎஸ்டி 18%". குடிக்கும் மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, மாநில வரிதான். போலி என்று தெரிய இந்த ஒன்றே போதும்.

ஆகவே, தயவுசெய்து: தமிழ்நாட்டில் சரக்கை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று எந்தத் தளம் சொன்னாலும் மூடிவிடுங்கள். மேப்பில் கடைப் பெயரோடு இருக்கும் செல் நம்பரை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் மாற்றச் சொல்லி எழுதிப் போடலாம். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகிறது. போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. "லீவு நாள்ல சரக்கு வாங்கப் போனேன்னு எப்படிண்ணே சொல்றது" என்று தம்பி இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டான். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அவர்கள் கடையே விரித்திருக்கிறார்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தத் தளத்துப் பாட்டில் படங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த படங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்காக ஒவ்வொன்றாக வெட்டி, நிழல் வைத்துச் சரிசெய்தவை. திருடியவன் அதைத் தன் இடத்தில் சேமித்துக்கூட வைக்கவில்லை. எங்கள் சர்வரிலிருந்தே நேராக இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்தத் தளத்திலிருந்து கேட்டால் மட்டும் வேறு படம் போகும்படி சர்வரில் மாற்றினேன். சிவப்பில் பெரிய எழுத்து: "இது போலிக் கடை. பணம் போடாதீர்கள்." எல்லாப் பாட்டிலுக்கும் அதே படம்.

மறுநாள் காலையில் ஒரு போன். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் மூன்று மாதம் வேலை பழகிய பையன்.

"அண்ணே, நான் பண்ணிக் குடுத்த ஒரு சைட்ல படமெல்லாம் தானா மாறிருச்சுண்ணே. எப்படி எடுக்கிறது?"

நான் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கே புரிந்து, குரல் இறங்கிவிட்டது. டிசைன் மட்டும்தாண்ணே பண்ணேன், யாருன்னே தெரியாது, வாட்ஸப்லதான் பேசினாங்க என்றான். லைசென்ஸ் கேட்டாயா? இல்லை. ஆளைப் பார்த்தாயா? இல்லை. சரக்கு எங்கேயிருந்து வருகிறது என்றாவது கேட்டாயா? இல்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு, அந்த வாட்ஸப் உரையாடல், நம்பர், அவர்கள் பணம் போட்ட விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சைபர் கிரைமுக்கு என்னோடு வரச் சொன்னேன். வருகிறேன் என்றான்.

"எவ்வளவுடா பேசின?"

"ஆறாயிரம்ணே. பாதிதான் வந்துச்சு."