நாக் அவுட்: தாய்லாந்து எஃப்.ஏ. கோப்பையை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

எங்கள் தெருமுனை டீக்கடைச் சுவரில் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த நோட்டீஸை ஒட்டிவிடுவார்கள். ‘மாபெரும் எழுவர் கால்பந்துப் போட்டி. ஆட்டங்கள் நாக் அவுட் முறையில் நடைபெறும். நடுவர் தீர்ப்பே இறுதியானது.’ கால்பந்து, எழுவர், நடுவர், தீர்ப்பு என்று எல்லாம் தமிழில் இருக்க, அந்த ஒரு சொல் மட்டும் அப்படியே நிற்கும். தமிழ் கிடைக்கவில்லை என்றில்லை, தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தச் சொல்லைத் தாய்லாந்துக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியவந்தபோதுதான் எனக்கே தேடத் தோன்றியது. அவர்கள் சொல்வது ‘பே கட் ஓக்’. பே என்றால் தோற்பது. கட் என்றால் பொறுக்கிப் பிரிப்பது. ஓக் என்றால் வெளியே. தோற்றாயா, பொறுக்கி வெளியே போட்டாயிற்று. மூன்றே அசையில் போட்டியின் சட்டம் முழுவதும் முடிந்துவிடுகிறது. (‘தாய் மொழி’ என்று எழுதினால் யாருடைய தாய்மொழி என்ற குழப்பம் வரும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்கத் தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.)

அந்த நாட்டில் இந்தச் சொல் அதிகம் புழங்கும் இடங்களில் ஒன்று எஃப்.ஏ. கோப்பை. பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1871-இல் அங்கே தொடங்கிய போட்டிதான் இந்த வகைக்கெல்லாம் மூத்தது. 1872 மார்ச்சில் லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் வாண்டரர்ஸ் அணி ராயல் எஞ்சினியர்ஸை 1-0 என்று வென்றது. எஃப்.ஏ. என்பது கால்பந்துச் சங்கத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து. எந்த நாட்டுச் சங்கம் என்று அதில் இல்லை. முதல் சங்கம் என்பதால் இங்கிலாந்துக்காரர்கள் நாட்டின் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கிய நாடுகள்தான் முன்னால் தங்கள் பெயரை ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில் பேச்சு வழக்கில் அதுவும் கிடையாது, வெறும் ‘எஃப்-ஏ-கப்’தான். இடையில் பல ஆண்டுகள் நின்றுபோன போட்டி 2009-இல் மறுபடி உயிர்பெற்றது. அந்த ஆண்டு கோப்பையை எடுத்தது பாங்காக் துறைமுகத்து அணியான தாய் போர்ட். அதன்பின் அதிகம் வென்றது புரிராம் அணி.

சரி, கோப்பையை விட்டு அதை நடத்தும் சங்கத்தின் பெயருக்கு வருவோம். தமிழ் வாசகருக்கு ருசிப்பது அங்கேதான். தாய்லாந்து மொழியில் அது ‘சமாகொம் கீலா ஃபுட்பொன் ஹேங் பிரதேட் தாய்’. இரைச்சலாகக் கேட்கிறதா? ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். சமாகொம் என்பது சமாகமம், கூடுதல். கீலா என்பது பாலி மொழியின் கீளா; சமஸ்கிருதத்தில் கிரீடா; நம்மிடம் ‘ஜலக்கிரீடை’யில் இருப்பது. பிரதேட் என்பது பிரதேசம். மிச்சம் இருக்கும் ஃபுட்பொன் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. கூடவே ஒரு மரியாதைத் தொடர் வரும், அரசரின் ‘ராட்சூபதம்’ பெற்றது என்று. ராஜ + உபஸ்தம்பம். கொடித்தம்பத்தில் நாம் வைத்திருக்கும் அதே தம்பம்தான். அரசர் தூணாக நின்று தாங்குகிறார் என்பது பொருள். ‘ஆதரவு’, ‘புரவலர்’ என்று நாம் எழுதும் இடத்தில் அவர்கள் ஒரு தூணையே நட்டுவிட்டார்கள்.

1916 ஏப்ரல் 25 அன்று இந்தச் சங்கத்தைத் தொடங்கிவைத்த அரசர், ஆறாம் ராமர் என்று சொல்லப்படும் வஜிராவுத். இங்கிலாந்தில் படித்தவர், பந்தோடு பழகியவர். அவர் பெயரையும் பிரித்துப் பாருங்கள், வஜ்ராயுதம்.

அதே 1916-இல் பிறந்த இன்னொரு கோப்பையும் உண்டு. அரசர் வழங்கும் கோப்பை என்பதால் ‘துவாய் பிர ராட்சதான்’ என்று பெயர். ராட்சதான் என்பது ராஜதானம். துவாய் என்றால் கோப்பை. இலங்கை நண்பர்கள் குளித்துத் துவட்டும் துவாயை நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்த அரச கோப்பையில் பின்னாளில் நான்கு தரங்கள் ஏற்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போடாமல், தங்கள் நெடுங்கணக்கின் எழுத்துகளையே வைத்தார்கள். முதல் தரம் ‘க’, கடைசித் தரம் ‘ங’, நடுவில் மூச்சு கலந்து சொல்லும் இரண்டு ககரங்கள். நம் மெய்வரிசையும் க-வில் தொடங்கி ங-வுக்குத்தானே போகிறது. இது தற்செயல் இல்லை. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. காஞ்சியில் தொடங்கிய வரிசை கால்பந்துத் தரவரிசையாகப் போய் நின்றிருக்கிறது. இப்படியெல்லாம் பார்க்கும்போது ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று மார்தட்டத் தோன்றும். எழுத்துக்கு அது பெருமளவு பொருந்தும், சொற்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன சொற்கள் சமஸ்கிருதமும் பாலியும். நமக்கும் அவர்களுக்கும் ஒரே கடையில் கடன், அவ்வளவுதான்.

இனி நம் பக்கம். கோப்பையா, கிண்ணமா? தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் உலகக் கோப்பை. இலங்கையிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உலகக் கிண்ணம். கோப்பை போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். மேசை, சாவி, ஜன்னல், அலமாரியோடு கப்பலில் வந்திறங்கியது. கிண்ணம் திராவிடக் குடும்பத்துச் சொல். தெலுங்கில் கின்னெ என்பார்கள். தூய்மை பார்த்தால் கிண்ணத்துக்கே ஓட்டு. ஆனால் தமிழ்நாட்டில் கிண்ணம் என்றதும் பாயசமும் ரசமும் கண்ணுக்கு வந்துவிடுகின்றன. தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் பொருளாக அது தெரிவதில்லை. இலங்கையில் அந்தச் சிக்கல் இல்லை. அவரவர் ஊரில் பழகியதை எழுதினால் போதும் என்பது என் கட்சி. எனக்குக் கோப்பை.

சிக்கலான சொல் நாக் அவுட்தான். ஆங்கிலத்தில் அதைக் கேட்டதும் குத்துச்சண்டை மேடை ஞாபகம் வருகிறது: விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் ஆட்டம் முடிந்தது. கால்பந்தில் யாரும் யாரையும் வீழ்த்த வேண்டியதில்லை. தொண்ணூறு நிமிடம் சரிக்குச் சரியாக ஆடி, பெனால்டியில் ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். உருவகம் உரக்கப் பேசுகிறது, நடப்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எளிது: ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி காலி. 64 அணி இறங்கினால் 63 ஆட்டம். 63 அணி தோற்றுப் போனால்தான் ஒன்று மிஞ்சும். எத்தனை அணியானாலும் அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும்.

இதற்கு நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள். இலங்கையில் ‘விலகல் முறை’ என்று எழுதுகிறார்கள். சுருக்கமான சொல், ஆனால் விலகுவது தானாகச் செய்வது. காயம் பட்டவர் விலகுவார், மனஸ்தாபம் வந்தவர் விலகுவார். தோற்ற அணி எங்கே விலகுகிறது, விலக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ‘வெளியேற்றுதல் சுற்று’ என்ற வழக்கு உண்டு. இது பரவாயில்லை, ஒரே ஒரு திருத்தம் வேண்டும். உலகக் கோப்பையில் பிரிவு ஆட்டங்கள் முடிந்தபிறகு வருவது வெளியேற்றுச் சுற்று, அதாவது போட்டியின் ஒரு பகுதி. தாய்லாந்து எஃப்.ஏ. கோப்பை போன்றவற்றில் முதல் விசிலிலிருந்தே அதுதான் சட்டம். ஆகவே அதை ‘வெளியேற்று முறைப் போட்டி’ என்று சொல்வதே சரி. சுற்று வேறு, முறை வேறு.

‘பே கட் ஓக்’குக்கு நேரான தமிழ் வேறொன்று இருக்கிறது. மண்டியில் தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் பொறுக்கும்போது என்ன சொல்வோம்? ‘அடிபட்டதைக் கழித்துக்கட்டு.’ கட் ஓக் என்றால் சாட்சாத் அதுதான். ஆனால் ‘கழிப்பு முறைப் போட்டி’ என்று போஸ்டரில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன், கைவிட்டுவிட்டேன்.

அணிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகும் இந்தக் கணக்கு, தாய்லாந்து எஃப்.ஏ. கோப்பையில் 2016-இல் நான்கில் நின்றுவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் காலமானார். எழுபது ஆண்டு அரியணையில் இருந்தவர். நாடு துக்கத்தில் மூழ்கியது. கால்பந்துப் பருவத்தை அப்படியே முடித்துக்கொண்டார்கள். லீக்கில் முதலிடத்தில் இருந்த மூவாங்தோங் யுனைடெட்டுக்குப் பட்டம் கொடுத்துவிடலாம், புள்ளிப் பட்டியல் கையில் இருக்கிறது. வெளியேற்று முறையில் பட்டியல் ஏது? அரையிறுதிக்கு நான்கு அணிகள் காத்திருந்தன, மூன்று ஆட்டம் பாக்கி. கடைசியில் நான்கையும் இணை வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள். சைநாட், சொன்புரி, ராட்சபுரி, சுகோதை. சொல் விளக்கம் எழுதுகிறவனுக்கு இந்த நான்கு ஊரும் ஒரு விருந்து: ஜயநாதம், ஜலபுரி, ராஜபுரி, சுகோதயம். ஏதோ பழைய காப்பியத்தின் நாட்டுப்படலம்போல இருக்கிறது.

கோப்பையை நான்காகப் பங்கு போடலாம். கோப்பையோடு கிடைக்கும் ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைப் பங்கு போட முடியாது, அது ஒரே அணிக்குத்தான். அதற்குச் ‘சப் சலாக்’ செய்தார்கள். சப் என்றால் பிடிப்பது, எடுப்பது. சலாக் என்பது பாலியில் சலாகா, சிறு குச்சி. பௌத்த மடங்களில் துறவிகளுக்கு உணவு பங்கிடவும் அவர்கள் கருத்தைக் கணக்கிடவும் இப்படிக் குச்சிகளைப் பயன்படுத்தினார்கள். தமிழில் அதே சொல் சலாகை என்று வைத்தியர் கையிலிருக்கும் கம்பியாக நின்றுவிட்டது. தாய்லாந்தில் அது சீட்டாகி, இன்று அரசு லாட்டரிக்கும் அதுதான் பெயர். நாம் குச்சியை விட்டு ஓலையைப் பிடித்தோம். உத்தரமேரூர்க் கல்வெட்டில் குடத்துக்குள் பெயர் எழுதிய ஓலையைப் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை எல்லோருக்கும் தெரிந்ததே.

நம் விளையாட்டுச் செய்திகளிலோ குலுக்கலும் ‘டிரா’, சமனில் முடிந்த ஆட்டமும் ‘டிரா’. ‘டிரா முடிந்தது’ என்று ஒருவர் சொன்னால் சீட்டு எடுத்து முடித்தார்களா, ஆட்டம் 1-1 ஆனதா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலாவதுக்குக் குலுக்கல், இரண்டாவதுக்குச் சமன். இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள், ஏன் குழப்பிக்கொள்கிறோம் என்று தெரியவில்லை.

குலுக்கலில் வந்தது சுகோதை. வௌவாலைச் சின்னமாகக் கொண்ட அணி, முதல் பிரிவுக்கு அந்த ஆண்டுதான் ஏறி வந்திருந்தது. 2017 தொடக்கத்தில் தகுதிச் சுற்றில் மியான்மரின் யடனார்போனை வென்று ஷாங்காய் போனது. எதிரே எஸ்.ஐ.பி.ஜி. அணி. பெரும் விலை கொடுத்து அவர்கள் வாங்கியிருந்த பிரேசில்காரர் ஆஸ்கருக்கு அதுதான் புது அணியில் முதல் ஆட்டம். 0-3.

சில ஆண்டுகளாக இந்தக் கோப்பை ‘சாங்’ என்ற பானக் கம்பெனியின் பெயரைத் தாங்கிவருகிறது. சாங் என்றால் யானை. அதற்குச் சந்தையில் பரம எதிரி ‘சிங்’, நம் சிங்கம்தான். அந்தச் சிங்கத்தின் பெயரை முன்னால் போட்டுக்கொண்ட சியாங்ராய் யுனைடெட், யானைக் கோப்பையை 2017-இலும் 2018-இலும் 2021-இலும் தூக்கிக்கொண்டு போனது. யானையின் மத்தகத்தில் சிங்கம் பாய்வது நம் கோயில் தூண்களில் கல்லில் நிற்கிறது. அங்கே விளம்பர ஒப்பந்தமாக நிற்கிறது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வெளியேற்று முறையின் கவர்ச்சியே சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்ப்பதுதான். 2024 இறுதி ஆட்டத்துக்கு முதல் பிரிவிலேயே இல்லாத காஞ்சனபுரி அணி வந்து நின்று, பாங்காக் யுனைடெட்டிடம்தான் தோற்றது. இப்படிப் பெரியவர்களைச் சாய்ப்பதற்குத் தாய்லாந்துச் சொல் ‘லொம் யக்’. லொம் என்றால் வீழ்த்துவது. யக் என்பது யட்சன், பழந்தமிழில் இயக்கன். பாங்காக் கோயில் வாசல்களில் கதாயுதத்தோடு கோரைப்பல் காட்டி நிற்கிறாரே, அவரேதான். நம் பத்திரிகைகள் இதே சேதிக்கு ‘ஜாம்பவான் அணியை வீழ்த்தியது’ என்று எழுதும். ஜாம்பவான் ராமாயணத்துக் கரடி, அதுவும் ராமர் பக்கத்து ஆள். யட்சன் விழுந்தால் கைதட்டலாம். கிழக் கரடியை எதற்கு வீழ்த்த வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.