புகை எங்கே போகிறது? டிஸ்போசல் லாரியில் சைலன்சர் மாற்ற நினைப்பவர்களுக்கு

ராணுவ ஏலத்தில் எடுத்த லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே சைலன்சரைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். "அண்ணே, இதைக் கழட்டிட்டு நேர் பைப் போட்டுரலாமா? சத்தம் கெத்தா இருக்கணும்ணே." இது இளவட்டங்களின் கேள்வி. வயதானவர்கள் வேறு மாதிரி வருவார்கள்: பழைய சைலன்சர் ஓட்டையாகிவிட்டது, ஒரிஜினல் தேடினால் கிடைக்காது, தோப்பில் போர்வெல்லுக்கு வாங்கியதில் மிச்சம் குழாய் கிடக்கிறது, அதை வெட்டி ஒட்டித் தந்துவிடு தம்பி என்பார்கள். புகை கடைசியில் எந்த இடத்தில் வெளியே வரும் என்று மட்டும் இரண்டு தரப்பும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எங்களிடம் வரும் வண்டிகள் பெரும்பாலும் மூன்று வகை. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் செய்த சக்திமான். 1990-களில் அதன் இடத்துக்கு வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன். டாடாவின் இரண்டரை டன் வண்டி. விறகு, மூட்டக்கரி ஏற்றவும், தண்ணீர் டேங்கர் ஆக்கவும், கிரேன் பொருத்தி ரெக்கவரி வண்டியாக்கவும் வாங்குகிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் கண்மாய்க் கரையிலும் சிக்காமல் வெளியே வரும். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய பெரிய வீடுகளைப் பார்க்க வரும் விருந்தினரைச் சுற்றிக்காட்ட இப்படி ஒரு லாரியைச் சீவிச் சிங்காரித்து வைத்துக்கொள்வதும் இப்போது ஓர் ஆசை.

முதலில் 'பவர்' விஷயத்தை முடித்துவிடுவோம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய டீசல் இன்ஜினில் சைலன்சரைக் கழற்றினால் இழுவை கூடும் என்பது காது சொல்லும் பொய். அந்த இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்பதை முடிவு செய்வது பம்ப் விடும் டீசலும் உள்ளே போகும் காற்றும். அடைத்துப்போன சைலன்சரை மாற்றினால் வித்தியாசம் தெரியும், அது உண்மை. நல்ல சைலன்சரை எடுத்தால் சத்தம்தான் மிச்சம். டர்போ வண்டியில் கொஞ்சம் பெரிய குழாய் போட்டால் புகையின் சூடு சற்றுக் குறையலாம். அதற்கும் சைலன்சரை ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை. பழைய குழாயைவிடச் சிறிய அளவு குழாயையும், பிளம்பிங் கடையில் வாங்கிய குத்து வளைவுகளையும் போட்டால் நேர்மாறாக நடக்கும். புகை வெளியேற முடியாமல் பின்னழுத்தம் ஏறி இன்ஜின் காயும், டீசலும் கூடக் குடிக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஒரு விருந்தினர் இல்லத்துக்காகத் தயார் செய்த லாரி ஒன்று பட்டறைக்கு வந்தது. வேறு ஊரில் வேலை செய்யப்பட்ட வண்டி. பின்னால் எதிரெதிராக மரப் பெஞ்சு, மேலே தார்ப்பாய்க் கூண்டு, பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. அதில் திருமயம் கோட்டை வரை போய்வந்தவர்களுக்குத் தலைவலி, குமட்டல். ஒரு பெண்ணுக்கு மயக்கம். "வெயில் ஒத்துக்கலை" என்று எல்லாருக்கும் மோர் கொடுத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் யாருக்குத் தலை சுற்றினாலும் அப்படித்தான் நினைப்போம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று குழாயைப் பின் சக்கரத்துக்கு முன்னாலேயே வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு நேர் மேலே பலகைத் தளம். பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி.

குழாயைக் கடைசி வரை நீட்டிவிட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. முன்பக்கம் அடைத்து, பின்பக்கம் திறந்த கூண்டுடன் ஒரு லாரி ஓடும்போது அதன் முதுகுப் பக்கத்தில் காற்றழுத்தம் குறையும். வண்டிக்குப் பின்னால் விட்ட புகை சுழன்று திறந்த வாய் வழியே கூண்டுக்குள் ஏறும். செம்மண் சாலையில் லாரியின் பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்கு இது புரியும்: முன்னால் இருப்பவர்களைவிட அவர்கள் தலையில்தான் புழுதி அதிகம் படிந்திருக்கும். புழுதி போகிற வழியில்தான் புகையும் போகும். அந்த வண்டியில் கூண்டின் பின் சட்டத்தில் நூல் கட்டி ஓட்டிப் பார்த்தோம். நூல் உள்பக்கமாகவே பறந்தது. குழாயைப் பின் பாடியைத் தாண்டி வலது பக்கமாக வெளியே விட்டு, பலகை இடுக்குகளை அடைத்து, கூண்டின் முன் தார்ப்பாயைச் சுருட்டிக் காற்று உள்ளே வர வழி செய்தபின் நூல் வெளியே திரும்பியது. சரக்கு வண்டியாகப் பதிவான லாரியில் இப்படி ஆளேற்றுவது சட்டப்படி தவறு என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

பாதயாத்திரைக் காலத்தில் இதே கவலை எனக்கு உண்டு. தை மாதம் பழனிக்கு நடப்பவர்களோடு சமையல் பாத்திரமும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு லாரி போகும். நடக்க முடியாதவர்களும் குழந்தைகளும் அதில் ஏறிக்கொள்வார்கள். இரவில் பனிக்குப் பயந்து தார்ப்பாயை நான்கு பக்கமும் இறக்கிக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். டிரைவர் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று இன்ஜினை ஓடவிட்டிருப்பார். இதைவிட ஆபத்தான சேர்க்கை வேறில்லை.

கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. டீசலில் பெட்ரோலைவிட இந்த வாயு குறைவுதான்; ஆனால் பம்ப் தேய்ந்து, டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகி, கறுப்புப் புகை கக்கும் கிழட்டு இன்ஜினில் அந்தச் சலுகையை நம்பக் கூடாது. பெட்ரோல் இன்ஜின் உள்ள ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்கள் இன்னும் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது என்பது தனி.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைக் காட்டாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே அது நினைத்துக்கொண்டு 98, 99 என்று காட்டும். அதை நம்பி "ஒண்ணுமில்லை, கொஞ்சம் படு" என்று விட்டுவிடாதீர்கள். வண்டியில் இருந்த ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, தடுமாற்றம் என்றால் இன்ஜினை நிறுத்தி, எல்லாரையும் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். டாக்டரிடம் "வண்டிப் புகை உள்ளே வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அதற்குரிய ரத்தப் பரிசோதனையைச் செய்வார்கள்.

அடுத்தது தீ. முழு பாரத்தோடு மேட்டில் ஏறும்போது, இன்ஜினிலிருந்து புகை முதலில் வெளிவரும் மேனிஃபோல்டு அருகே புகையின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். வைக்கோல், கரித்தூள், சிங்கம்புணரிப் பக்கம் ஏற்றும் தென்னை நார் எல்லாம் 300 டிகிரிக்குள்ளேயே பற்றிக்கொள்ளும் பொருள்கள். சூடான குழாயில் டீசல் ஒழுகினாலும் அதே கதிதான், தீப்பொறி கூடத் தேவையில்லை. சைலன்சர் என்பது சத்தத்தை மட்டும் அடக்குவதில்லை. உள்ளே சுற்றிவரும் கரித்துகள் கொஞ்சம் ஆறிப்போக நேரம் தருகிறது. நேர் பைப் போட்ட வண்டியில் அந்தப் பொறி அப்படியே வெளியே பறக்கும். கேபினுக்குப் பின்னால் மேல்நோக்கிக் குழாய் வைத்துவிட்டு நார் லோடு ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கரில் இப்படிக் குழாய் இருந்தால் கீற்றுப் பந்தலுக்கு அடியில் நிறுத்தவே கூடாது.

மேல்நோக்கிய குழாய் கெட்டது என்று சொல்லவில்லை. புகையை ஆள் மூக்குக்கு மேலே கொண்டுபோய் விடுவதால் பல இடங்களில் அதுதான் நல்லது. ஆனால் வாயைப் பின்பக்கம் சாய்த்து வெட்டுங்கள் அல்லது மூடி போடுங்கள். அடி வளைவில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை வையுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் ஒரு வாரம் நின்ற வண்டிக்குள் தண்ணீர் குழாய் வழியே இன்ஜின் வரை போய்ச் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கை படும் உயரம் வரை சல்லடைத் தகடு சுற்றுங்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112-ஆவது விதிப்படி புகை கீழ்நோக்கியோ இடது பக்கமோ போகக் கூடாது. இடது பக்கம்தானே நம் நாட்டில் நடந்து போகிறவர்களும், பஸ்ஸுக்கு நிற்பவர்களும் இருக்கிறார்கள். 113-ஆவது விதி, எரிபொருள் செல்லும் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கிறது. என்னைக் கேட்டால் அது போதாது. ஒரு சாண் விடுங்கள், முடியாவிட்டால் நடுவில் தகடு வையுங்கள். 120-ஆவது விதி சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், வண்டியைச் சட்டவிரோதமாக மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்தம், புகை வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று வாங்க) வண்டியைக் காட்டப் போகும் அன்று மட்டும் பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போகும் தந்திரம் எல்லாருக்கும் தெரியும், வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும்.

கடைசியாக வேலை செய்கிறவர்களுக்கு. இதை வண்டிக்காரர்களும் படிக்கலாம், கூலி ஏன் கூடுகிறது என்று புரியும்.

பழைய ராணுவ வண்டியில் மேனிஃபோல்டைச் சுற்றி வெள்ளைக் கயிறோ, பொரிந்துபோன பூச்சோ இருந்தால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் பழைய கேஸ்கெட்டும் அப்படியே. கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், வயர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடியோடு கழற்றி, பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் நோய் இருபது, முப்பது ஆண்டு கழித்து வரும். அப்போது யாரும் இந்த லாரியை நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்யாதீர்கள். அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு ஆவியாகி மூச்சில் ஏறினால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் அடிக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறைப் பாட்டி வைத்தியம், நுரையீரலுக்குப் போனதைப் பால் என்ன செய்யும்? கறுப்பு இரும்புக் குழாய் வாங்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். காலி டீசல் டேங்க் பக்கத்தில் இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

குழாயைச் சேஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இறுக்கிப் பற்றவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மூன்று மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் ஏதாவது ஒரு ஒட்டு வெடிக்கும். அது பெரும்பாலும் கேபினுக்கு அடியில் இருக்கும் ஒட்டாகத்தான் இருக்கும். இன்ஜினுக்கும் சேஸில் தொங்கும் குழாய்க்கும் நடுவே வளைந்துகொடுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் பைப், ரப்பர் வைத்த தொங்கல் கிளாம்ப், சேஸில் ஏற்கெனவே உள்ள துளையில் போல்ட். புதிதாகத் துளையும் வேண்டாம், சேஸ் மேல் வெல்டிங்கும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனமான துணியால் குழாய் வாயை இரண்டு மூன்று நொடி பொத்திப் பாருங்கள். எந்த ஒட்டில் 'உஸ்' கேட்கிறதோ அங்கே கசிவு. ஓடிய வண்டியில் ஒட்டுகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் சோதனையே வேண்டாம், அதுதான் இடம். முதல் 500 கிலோமீட்டருக்குள் கிளாம்ப் போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும், சூடாகி ஆறுவதில் அவை நிச்சயம் தளரும். அப்போது கேபினுக்குள் கியர் லீவர் ரப்பரும் தரையில் உள்ள துளைகளின் அடைப்பும் கிழியாமல் இருக்கின்றனவா என்று சேர்த்தே பார்த்துவிடுங்கள்.