இந்த வயசுல என்ன சந்தேகம்னு சிரிக்காதீங்க

சந்தேகம்னாலே வாட்ஸ்அப்ல லாஸ்ட் சீன் பாத்து சண்டை போடுற இளவட்டம்தான்னு நினைக்கிறோம். காரைக்குடி பக்கம் மனநல டாக்டரா இருக்கிற எனக்கு அதிகமா உறுத்துறது எழுபது தாண்டின ஜோடிங்கதான். பிள்ளைக சென்னை, சிங்கப்பூர்னு போயிட்டாக, அத்தாம்பெரிய வீட்ல முகப்புலேர்ந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் ரெண்டே பேரு, அதுல ஒருத்தர் இன்னொருத்தர தப்பா பேச ஆரம்பிச்சா என்னன்னு கேக்க ஆளில்ல.

ஒரு மக வந்து அப்பா அம்மாவ நெனச்சு அழுதுச்சு (விவரத்த மாத்திதான் எழுதுறேன்). "அப்பச்சி ஆத்தாவ பால்காரரோட சேத்து வச்சுப் பேசுறாக டாக்டர், வெளிய சொன்னா அசிங்கம்." ராத்திரி கதவப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் படுப்பாராம், விடியக்காலைல வளவுல காலடித்தடம் இருக்கான்னு டார்ச் அடிச்சுத் தேடுவாராம். அவரு சம்சாரம் ஆச்சி பாவம், பிள்ளையார்பட்டில சூடம் அணைச்சு சத்தியமே பண்ணிட்டாங்க. மறுநாளே "பொய்சத்தியம் பண்ணிட்டா"ன்னு இன்னொரு குத்தம் சேந்துக்கிச்சு.

அவர கடிகாரம் வரையச் சொன்னேன். மனக்கணக்காவே வட்டி போட்டுப் பழகுன மனுஷன், பன்னெண்டு நம்பரையும் ஒரே பக்கத்துல நெருக்கி எழுதிட்டு முள்ளே போடல. மத்த டெஸ்டும் பாத்தப்புறம் டிமென்ஷியா, அதாவது மூளை பாதிச்சு வர்ற மறதி நோய்னு உறுதியாச்சு. மறதி வெளிய தெரியறதுக்கு முன்னாடியே அது சந்தேகமா தலைகாட்டுறது உண்டு. இந்தச் சந்தேகம் பார்க்கின்சன்கிற நடுக்க நோய்க்குக் குடுக்கிற சில மாத்திரையாலயும் வரும், வருஷக்கணக்கா குடிச்சவங்களுக்கும் வரும், காது மந்தமானா ரெண்டு பேர் சாதாரணமா பேசுறதே குசுகுசுன்னு தோணும். ரெண்டு மூணு நாள்ல திடீர்னு குழப்பத்தோட ஆரம்பிச்சுதுன்னா யூரின் இன்ஃபெக்‌ஷனா, ரத்தத்துல சோடியம் உப்பு குறைஞ்சிருக்கான்னு அன்னைக்கே பாக்கணும்.

வீட்ல இருக்கிறவங்க வாதாடாதீங்க, ஆதாரம் காட்டாதீங்க, சத்தியம் வேண்டவே வேண்டாம். "பயமா இருக்கா, நான் பக்கத்துலதான் இருக்கேன்"னு சொல்லிட்டு பேச்ச மாத்துங்க, அது பல நேரம் வேலை செய்யும். மெடிக்கல்ல தூக்க மாத்திரை வாங்கி காபில கலந்து குடுக்கிறத பாக்குறேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, கீழ விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுரும். சந்தேகத்துக்கு நாங்க எழுதுற மாத்திரையே டிமென்ஷியா உள்ளவங்களுக்கு பக்கவாத ஆபத்தக் கூட்டும்கிறதால டோஸ் ரொம்பக் கம்மியா, வேற வழியில்லாதப்பதான் குடுப்போம்.

அடி, மிரட்டல்னு போச்சுன்னா வயசானவர்தானேன்னு விடாதீங்க. அருவாமனை, அருவாள எடுத்து மறைச்சுட்டு ஆச்சிய வேற ரூம்ல, உள்ள தாழ்ப்பாள் போட்டுப் படுக்கச் சொல்லுங்க. பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, மூணுமே இலவசம். வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைக, அடுத்த தடவ போன் பண்ணும்போது ஆத்தாகிட்ட மட்டும் தனியா பேசுங்க, ஸ்பீக்கர்ல வேண்டாம்.