அக்வாமேனா, நேமோரா? முதலில் ஆழத்தைச் சொல்லுங்கள்

இருவரும் காமிக்ஸ் கதைகளின் கடல் நாயகர்கள்: மார்வெல் நிறுவனத்தின் நேமோர் 1939இல் வந்தவர், டிசி நிறுவனத்தின் அக்வாமேன் 1941இல். இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்ற வாக்குவாதம் எப்போதும் 'யார் எத்தனை டன் தூக்குவார்' என்பதிலேயே வந்து நிற்கும். தரையில் நின்று போடும் சண்டைக்கு அந்தக் கணக்கு போதும். கடலுக்குள் இருவருக்கும் முதல் எதிரி தண்ணீர்தான்.

கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. நீர் தரும் இழுவிசையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும்; வேகம் இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்கு. 80 சதுர செ.மீ. முகப்புள்ள முஷ்டி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் காற்றின் தடை வெறும் அரை நியூட்டன். கடல்நீரிலோ சுமார் 400 நியூட்டன், ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமம். வேகத்தைப் பத்து மடங்காக்கினால் அது 4 டன்னாகிவிடும். கைக்கும் தோளுக்கும் கணக்கு தனி.

போதாததற்குக் காலூன்றத் தரையும் கிடையாது. ஓங்கிக் குத்தினால் குத்தியவரும் பின்னால் போவார். எதிராளியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தால்தான் அடி விழும். இவர்களின் ஆயுதமான திரிசூலத்தையும் வாள்போல் வீசக் கூடாது. 2 மீட்டர் நீளமும் 4 செ.மீ. தடிமனும் உள்ள தண்டை வீசினால் தண்ணீரை எதிர்கொள்ளும் பரப்பு 800 சதுர செ.மீ.; நேராகக் குத்தினால் தண்டுக்கு 13கூட வராது.

வேகம் இன்னும் கூடினால் வேறொன்று நடக்கும். கடல்மட்டத்தை ஒட்டி நொடிக்குச் சுமார் 14 மீட்டரைத் தாண்டும்போது, முஷ்டியின் ஓரங்களில் அழுத்தம் சரிந்து தண்ணீர் சூடாகாமலே ஆவிக்குமிழாகும். அடுத்த கணம் குமிழ் நசுங்கி அதிர்வலை கிளம்பும். மான்டிஸ் இறாலின் வித்தை இதுதான்: நொடிக்கு 23 மீட்டர் வரை வேகத்தில் அடிப்பதால், நத்தை ஓட்டுக்குக் கையடி ஒன்று, குமிழடி ஒன்று என இரட்டை அடி விழுகிறது. ஆனால் குமிழ் ஆள் பார்த்து நசுங்குவதில்லை. கப்பலின் உந்துவிசிறியையே பொத்தலாக்குவது அதுதான். அடிப்பவரின் விரல்முட்டியையும் விடாது.

1000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் சுமார் 100 மடங்கு. அங்கே குமிழ் கிளம்ப நொடிக்கு 140 மீட்டர் வேகமாவது வேண்டும். மேலே இரட்டை அடியாக விழுந்த அதே குத்து கீழே ஒற்றை அடிதான். ஆழம் குறிக்காமல் பந்தயம் கட்டுவது வீண்.

கடல் உயிர்களை ஏவும் அக்வாமேனின் சக்தியும் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. ஓர்க்கா திமிங்கிலம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தாலும், ஒரு கிலோமீட்டர் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

1996இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட மோதலில் அக்வாமேன் ஜெயித்தது அதே ஓர்க்காவால்தான். துள்ளி வந்து நேமோர் மேல் விழுந்தது. 5 டன் உடல் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 2.5 லட்சம் ஜூல் ஆற்றல். காற்றில் விழுந்ததால் அது வீணாகவில்லை. நீருக்குள் முட்ட வந்திருந்தால், அது முன்தள்ளும் தண்ணீரே நேமோரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டிருக்கும்.