மிதி படகில் கால் வைத்தால் நீங்களும் படகோட்டிதான்

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி, பாதிப் பேருக்குத் தலை கிறுகிறுக்க ஏற்காடு ஏரிக்கு வந்து சேரும் குடும்பம் முதலில் கேட்பது, மிதி படகுக்கு எவ்வளவு என்றுதான். டிக்கெட் வாங்கிய நிமிடத்திலிருந்து படகு விடுகிறவர் மேலும் நம் மேலும் சட்டப்படி ஒரு பொறுப்பு ஏறிவிடுகிறது. அதைக் கேட்பாரும் குறைவு, சொல்வாரும் குறைவு.

முதலில் படகு விடுகிறவரின் பொறுப்பு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 284ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு, உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள படகிலோ அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய படகிலோ, தெரிந்தோ அலட்சியத்தாலோ ஆளை ஏற்றிச் சென்றால், 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். படகு கவிழ்ந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆம் பிரிவு. அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. “சொந்தப் பொறுப்பில் ஏறவும்” என்று பலகை மாட்டிவிட்டால் இந்தப் பிரிவுகள் காணாமல் போய்விடாது.

அடுத்து நம் பக்கம். 282ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாகவோ அலட்சியமாகவோ கலத்தைச் செலுத்துகிறவரைப் பிடிக்கிறது: 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கலம் என்றால் கப்பல் என்று நினைக்க வேண்டாம். ஆளையோ பொருளையோ தண்ணீரில் கொண்டுபோகச் செய்யப்பட்ட எதுவும் கலம்தான் என்கிறது சட்டம். மிதி படகில் தனியாக ஓட்டுநர் கிடையாது. பெடலை மிதித்துத் திருப்புகிற மச்சானோ சித்தப்பாவோதான் ஓட்டுநர். பக்கத்துப் படகை இடித்து விளையாடுவது, பிள்ளைகள் கத்தக் கத்தப் படகை ஆட்டிக் காட்டுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரக்கூடியவை.

எழுந்து நிற்பதும், செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும் இன்னும் மோசம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, ஆட்கள் ஒரு பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அவ்வளவு பெரிய படகுக்கே அந்தக் கதி என்றால், நாலு பேர் உட்காரும் மிதி படகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். புடவை கசங்கும், போட்டோவில் நன்றாக இருக்காது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அந்தப் படகில் அளவுக்கு மேல் ஆள் இருந்தது, எல்லோருக்கும் ஜாக்கெட் இல்லை.

மாட்டிய பிறகு ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறக்கூடாது. ஏறினால் பெல்ட்டை இறுக்க வேண்டும், அல்லது சைஸ் மாற்ற வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் பிள்ளை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்கு மேலேதான் ஜாக்கெட் வரவேண்டும். ஒருமுறை ஓர் ஏரியில் எனக்குத் தந்த ஜாக்கெட்டில் கொக்கி உடைந்திருந்தது. வேறு கேட்டதற்கு, “சும்மா மாட்டிக்கங்கண்ணா, அடுத்த டோக்கன் நிக்குது” என்றான் பையன். நானும் மாட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு என்றால் போகமாட்டேன். நல்ல ஜாக்கெட் தரும்வரை ஏறமாட்டேன் என்று சொல்வதற்கு முழு உரிமையும் உண்டு.

மோட்டார் படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் தனியாக இருக்கிறது. பதிவு, ஆய்வுச் சான்று, ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் அதில் வருகின்றன. பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் காவிரியைக் கடக்கிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மேட்டூரிலிருந்து அதிகத் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் அங்கே விசைப்படகை நிறுத்திவிடுவார்கள். அப்போது “ஒரே ஒரு நடை” என்று கெஞ்சாதீர்கள்.

மே மாதம் மலைமேல் மதியத்துக்குப் பிறகு திடீரென்று இடி இடிக்கும். சத்தம் கேட்டதும் கரைக்குத் திரும்பிவிடுங்கள், காசு கட்டிய நேரம் மீதம் இருந்தாலும் சரி. குடித்துவிட்டுப் படகுக்கு வருவதும் வேண்டாம்: பொது இடத்தில் போதையில் தொல்லை கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவில் 24 மணி நேரம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

சரி, குறை இருந்தால்? காசு கொடுத்து வாங்கிய சேவை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். வழக்கு என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட வேண்டும். அதற்காகச் சேலத்துக்கு வந்துபோக வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்தே இந்தக் கணக்கு. படகு டிக்கெட் எங்கே, 5 லட்சம் எங்கே! அந்த டிக்கெட்டைக் கரையிலேயே கசக்கிப் போடாமல், ஏறும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.