635-ங்கற நம்பருக்குள்ள என்னதான் இருக்கு?

போன வாரம் சித்தி போன் பண்ணாங்க. "கண்ணு, நூடுல்ஸ் பாக்கெட் பின்னாடி 635-ன்னு போட்டிருக்கே, அது பன்னிக் கொழுப்பாமே, இத்தன வருசமா பிள்ளைங்களுக்கு அதையா குடுத்துட்டு இருந்தேன்"னு கேக்கும்போதே குரல் உடைஞ்சிடுச்சு. இந்த மாதிரி ஃபார்வர்ட் ஒரு நல்ல மனுசிய எவ்ளோ பயமுறுத்துதுன்னு பாத்தப்ப எனக்கு கோவந்தான் வந்துச்சு.

நூடுல்ஸ் ஒட்டாம இருக்க மெழுகு பூசறாங்கன்னு சுத்தற இன்னொரு கதைய முதல்ல முடிச்சிடறேன். நூடுல்ஸ்ல மெழுகு கிடையாது. ஆவில வேகவச்ச நூடுல்ஸ 140, 160 டிகிரி எண்ணெய்ல ஒண்ணு ரெண்டு நிமிசம் பொரிக்கறாங்க, உள்ள இருந்த தண்ணி ஆவியா வெளிய ஓடும்போது குட்டிக் குட்டி ஓட்டை விழுது, அந்த ஓட்டை வழியாத்தான் நாம ஊத்தற கொதிதண்ணி சட்டுனு உள்ள போகுது. 1958ல ஜப்பான்ல மோமோஃபுகு ஆண்டோ கொண்டு வந்த வழி இது. பாக்கெட்ல 500, 501-ன்னு இருக்கறது கார உப்பு, அப்பளக்காரத்தோட சொந்தக்காரங்க, அவ்ளோதான்.

இப்ப 635. இது கொழுப்பே இல்ல. இனோசினேட், குவானிலேட்னு ரெண்டு உப்போட கலவை, நம்ம செல்லுக்குள்ள இருக்கற ஆர்என்ஏ-வோட குடும்பம். மீன்ல இருந்தும் எடுக்கலாம், மாவுச்சத்து இல்ல சர்க்கரைய நுண்ணுயிர் வச்சு நொதிக்க வச்சும் எடுக்கலாம். இந்தியாவுல பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்ல மீன், இறைச்சில இருந்து எடுத்தத போடக்கூடாதுங்கறது சட்டம்.

இது செய்யற வேலை இருக்கே, எனக்கு எத்தன தடவ சொன்னாலும் அலுக்காது. 1908ல கிகுனே இகேடாங்கற ஜப்பான் வேதியியலாளர் கடல்பாசி சூப்ல இருந்து குளுட்டமேட்ங்கற ருசிப் பொருள பிரிச்செடுத்து, அந்த ருசிக்கு உமாமின்னு பேர் வச்சார். நம்ம நாக்குல அத உணர்றதுக்குன்னே ஒரு ஏற்பி இருக்கு, பூச்சிய பிடிக்கற செடியோட இலை மாதிரி ரெண்டு மடல், நடுவுல ஒரு கீல். குளுட்டமேட் உள்ள வந்து கீல் பக்கத்துல உக்காந்ததும் மடல் மூடுது, மூளைக்கு "ருசி"ன்னு தகவல் போகுது, ஆனா மடல் சீக்கிரமே திறந்துக்கும், குளுட்டமேட் வெளிய போயிடும். அந்த நேரத்துல இனோசினேட் இருந்தா அது மடலோட வாய்ப்பக்கம் வந்து ஒட்டிக்கிட்டு, கதவுக்கு தாழ்ப்பாள் போட்ட மாதிரி மூடினத மூடினபடியே பிடிச்சு வச்சுக்குது! தனியா நாக்குல வச்சா அதுக்குப் பெருசா ருசி இல்ல, குளுட்டமேட்டோட சேந்தா ரெண்டையும் கூட்டினா வர்ற ருசிய விட பல மடங்கு ருசி. நம்ம பாட்டிங்க இத செஞ்சுட்டுத்தான் இருந்தாங்க, தக்காளில குளுட்டமேட், கருவாட்டுல இனோசினேட், ரெண்டையும் ஒரே சட்டியில கொதிக்க வச்சா அதான் கருவாட்டுக் குழம்பு.

அஜினோமோட்டோங்கறதும் இதே குளுட்டமேட்டோட உப்புதான். அதனாலதான் 'அஜினோமோட்டோ சேர்க்கவில்லை'ங்கற லேபிள் எனக்குப் பிடிக்கல. 2015 மேகி பிரச்சனையில பாதி இதுதான், அப்படி எழுதியிருந்த பாக்கெட்ல குளுட்டமேட் இருந்துச்சு, கடலைப் புரதம், வெங்காயப் பொடி, கோதுமைல இயற்கையா வர்றதுன்னு கம்பெனி சொல்லுச்சு. அஜினோமோட்டோ ஆகாதுங்கற பயம் 1968ல ஒரு மருத்துவ இதழுக்கு வந்த கடிதத்துல இருந்து கிளம்பினது, எதுல இருக்குன்னு சொல்லாம ஆளுங்களுக்குக் குடுத்துப் பாத்த சோதனைகள்ல அந்தக் கடிதத்துல சொன்ன அறிகுறிங்க நிலையா திரும்ப வரல. 2015ல மேகி விஷயத்துல நிஜமா கவலைப்பட வேண்டியது ஈயம், வரம்பு 2.5 பிபிஎம் (பத்து லட்சத்துல 2.5 பங்கு), ஒரு சாம்பிள்ல 17.2-ன்னு வந்துச்சு. ஜூன்ல தடை, ஆகஸ்ட்ல மும்பை உயர்நீதிமன்றம் தடைய ரத்து பண்ணி, அங்கீகாரம் உள்ள லேப்ல மறுபடி சோதிக்கச் சொல்லுச்சு, அதுல பாஸ். ஒரு நாட்டோட உணவு லேப் ரிசல்ட் கோர்ட்ல நிக்கலன்னா யார நம்பறது? மாவட்டத்துக்கு ஒரு நல்ல லேப், அதுக்கு ஆளு, மெஷின், இதுக்குக் காசு ஒதுக்கறத விட முக்கியமான செலவு உணவுத் துறையில எதுவும் இல்லன்னு நான் நினைக்கறேன்.

சித்திகிட்ட நான் படிக்கச் சொன்னது நம்பர இல்ல, சோடியம்னு போட்டிருக்கற வரிய. நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பல பிராண்ட்ல ஒரு சின்ன பாக்கெட்லயே 800ல இருந்து 1000 வரைக்கும் வந்துடுது, கூடவே மைதா, பாமாயில். பாமாயில் கொழுப்புல கிட்டத்தட்ட பாதி நிறைவுற்றது. மசாலாவ பாதி போட்டு, காய், முட்டை சேத்து, எப்பவாவது ஒரு நாள் குடுங்க சித்தின்னேன்.

"சரி, சித்தப்பாவுக்கு யூரிக் ஆசிட் இருக்கே, அவர் சாப்பிடலாமா?"ன்னாங்க. நல்ல கேள்வி, 635 உடைஞ்சா கடைசில யூரிக் ஆசிட்தான் ஆகும். ஆனா மசாலால இருக்கறது துளி, அவர் தட்டுல வாராவாரம் விழுற நெத்திலிக் கருவாட்டுல இருந்து வர்றது அத விட எவ்வளவோ அதிகம்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அத நீயே அவர்கிட்ட சொல்லு"ன்னு போன அவர் கைல குடுத்துட்டாங்க.